வேலியோர மருந்து: எந்தத் தழை, எவ்வளவு, எத்தனை நாள்

காங்கயம், தாராபுரம், சென்னிமலைப் பக்கத்தில் பழைய தோட்டம் ஒன்றைச் சுற்றி வந்தால் கிளுவை வேலியிலேயே பாதி நாட்டு மருந்துக் கடை இருக்கும். கிளுவை முள்ளைப் பிடித்துத் தூதுவளை ஏறியிருக்கும். அதன்மேல் வேலிப்பருத்தி, கோவை, பிரண்டை. வாய்க்கால் ஓரமாக நொச்சி, தடத்து முக்கில் ஆடாதோடை. இந்த இரண்டையும் வெள்ளாடு சீந்தாது என்பதால் மற்றதெல்லாம் மேய்ந்துபோன வெயில் காலத்திலும் இவை பச்சையாக நிற்கும். களத்தோரம் குப்பைமேனி, கிணற்றடியில் வெட்டுக்காயப் பூண்டு, மழை விட்டதும் கீழாநெல்லி. பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்டுக்கு வாசலில் செருகுகிற வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றுமே மருந்துச் செடிகள்தான்.

ஆக, செடிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் அளவுக்குத்தான். "ஆடாதோடத் தழையப் பறிச்சுக் காச்சிக் குடிச்சுப் போடு கண்ணு, செரியாப் போயிரும்" என்று அம்மாவைப் பெற்ற அமுச்சி சொன்ன காலத்தில், எத்தனை தழை, எந்தப் போசியில், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் அவர் கையிலேயே இருந்தது. இப்போது வாட்ஸப்பில் வருவது செடியின் பெயரும் நோயின் பெயரும் மட்டும். இடையில் இருந்த கணக்குதான் மருந்தே. அது இல்லாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு காய்ச்சினால் ஒன்றும் நடக்காது, அல்லது நடக்கக்கூடாதது நடக்கும்.

பறிக்கும் இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இப்போது வேலியோரக் களைக்கு மம்முட்டி பிடிப்பார் இல்லை; களைக்கொல்லி அடிக்கிறார்கள். தோட்டக்காரரைக் கேட்காமல் வேலித் தழையில் கை வைக்காதீர்கள். வாடாமல் பச்சையாக நிற்பதாலேயே மருந்து படாத செடி என்று ஆகாது, நேற்று சாயங்காலம் அடித்திருந்தாலும் இன்று காலையில் அப்படியேதான் நிற்கும். நொய்யல் ஆற்றில் திருப்பூருக்குக் கீழே பல காலம் சாயக்கழிவு ஓடியிருக்கிறது. அந்த ஆற்றின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை அதற்குச் சாட்சி. வல்லாரை, பொன்னாங்கண்ணி போல ஈரத்தில் படர்கிற செடிகள் மண்ணில் இருக்கும் உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்தக் கரையில் பறித்ததை வயிற்றுக்குள் அனுப்புவதைவிடச் சும்மா இருப்பது மேல். நெடுஞ்சாலை ஓரத்து ஆவாரம்பூவுக்கும் இதே பேச்சுதான்.

கசாயம் வைப்பது

கசாயத்தில் கெட்டுப்போவது பெரும்பாலும் தீயில்தான். தீயைத் தூக்கி வைத்தால் ஐந்தே நிமிடத்தில் தண்ணீர் வற்றிவிடும், சரக்கின் சத்து இறங்கியிருக்காது. கடைசியில் இருப்பது நிறம் ஏறிய வெந்நீர். சிறு தீயில் இருபது நிமிடமாவது ஆக வேண்டும். பொதுக் கணக்கு: உலர்ந்த சரக்கு 5 கிராம், அதாவது குவித்து ஒரு தேக்கரண்டி. தண்ணீர் 240 மில்லி. அது நாலில் ஒன்றாக, 60 மில்லியாக வற்ற வேண்டும். பச்சைத் தழையில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால் எடையில் நாலு மடங்கு எடுக்கலாம்.

பொடி மாவாக இருக்கக்கூடாது, ஒன்றிரண்டாக இடித்ததாக இருக்க வேண்டும். மிக்ஸியில் நைசாக அரைத்தது அடியில் பிடித்துக் கருகும், வடிகட்டினாலும் துணி வழியாக இறங்கிவிடும். வேர், கட்டை, பட்டை இவற்றை முதல் நாள் இரவே ஊறப்போட்டால் காலையில் அதே தண்ணீரில் காய்ச்சலாம். துளசி, ஓமவல்லி போன்ற வாசனைத் தழைகளுக்கு நேர் எதிர் முறை. அவற்றின் குணம் ஆவியாகிற எண்ணெயில் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க அது சமையலறைக்குத்தான் போகும், டம்ளருக்கு வராது. அடுப்பை அணைத்த பிறகு போட்டு, மூடி, பத்து நிமிடம் விட்டு வடிகட்ட வேண்டும். சுக்கும் துளசியும் சேர்ந்த கசாயம் என்றால் சுக்கு முதலில், துளசி கடைசியில்.

பாத்திரம் மண்சட்டி அல்லது எவர்சில்வர். அலுமினியம், ஈயம் போன செம்பு வேண்டாம், புளிப்பும் துவர்ப்பும் உள்ள சரக்கு அதைக் கரைக்கும். குடிநீரின் ஆயுள் ஒரு சாமம் என்பது சித்த மருத்துவக் கணக்கு, அதாவது மூன்று மணி நேரம். காலையில் வைத்ததை இரவுக்கு எடுத்து வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிரிட்ஜும் அதற்கு விலக்கு இல்லை. இடித்து வைத்த சூரணத்துக்கு மூன்று மாதம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொட்டலத்தில் இடித்த தேதி இருக்காது. பொடியாக வாங்காமல் சரக்காக வாங்கி வீட்டில் இடித்துக்கொள்வதற்கு அது ஒன்றே போதுமான காரணம். முழுச் சரக்கில் கலப்படமும் கண்ணுக்குத் தெரியும்.

சுக்கு வாங்கினால் மேல்தோலைச் சீவ வேண்டும், கடுக்காய் வாங்கினால் கொட்டையை எடுத்தெறிய வேண்டும். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பது எல்லா வைத்தியரும் சொல்கிற பாடம். கடுக்காய்த் தோல் பொடி 3 கிராம் இரவில் வெந்நீரில் கலக்கிக் குடித்தால் மலச்சிக்கலுக்குக் கேட்கும். கர்ப்பிணிக்கு ஆகாது.

சளி, இருமல்

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று ஒரு புறம், மார்கழிப் பனி ஒரு புறம். கொங்கு நாட்டில் ஆண்டுக்கு இரண்டு முறை எல்லார் வீட்டிலும் இருமல் கேட்கும். இதற்கு வேலியில் இருப்பதில் நான் முதலிடம் கொடுப்பது ஆடாதோடைக்கு. அதில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி கரைக்கும் மருந்தைச் செய்தார்கள். இருமல் சிரப் பாட்டிலில் பொடி எழுத்தில் இருக்கும் அம்புராக்சால் அதன் வாரிசு. எனவே ஆடாதோடை என்ன செய்யும் என்பதில் குழப்பம் இல்லை: கெட்டிச் சளியை இளக்கி வெளியே தள்ளும். வறட்டு இருமலுக்கு அது வேலை செய்யாது. நெஞ்சில் கரகரவென்று சத்தம் கேட்டு, இருமினால் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ கெட்டியாக வருகிறதென்றால் மட்டும் இதைத் தொடுங்கள்.

கொழுந்து வேண்டாம். கொடியில் காயப்போட்ட துணிபோலத் தொங்கும் முற்றிய பழுப்பும் வேண்டாம். நுனியிலிருந்து மூன்றாவது, நாலாவது கணுவில் கரும்பச்சையாக, ஒரு சாண் நீளத்துக்கு இருக்கிற இலை இரண்டு போதும். நடுநரம்பைக் கிழித்து எடுத்துவிட்டு, கிள்ளிப் போட்டு, நாலு மிளகைத் தட்டிப் போட்டு, 250 மில்லி தண்ணீரைச் சிறு தீயில் 60 மில்லியாக்குங்கள். கசப்பு பல்லைக் கூச வைக்கும். இளஞ்சூட்டுக்கு வந்த பிறகு ஒரு கரண்டி தேன். காலை, மாலை சாப்பாட்டுக்குப் பிறகு, ஐந்து நாள். அதிகம் போட்டால் குமட்டல், வாந்தி, பேதி. ஏழு இலை போட்டுக் காய்ச்சிவிட்டு "ஒத்துக்கலை" என்கிறவர்கள் அளவில்தான் தவறியிருப்பார்கள். கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடவே கூடாது, அது கருப்பையைச் சுருங்க வைக்கும். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தேன் எந்த வடிவத்திலும் கூடாது.

வறட்டு இருமலுக்கு அதிமதுரம். சுண்டுவிரல் கணு அளவுத் துண்டை வாயில் ஒதுக்கி வைத்து உமிழ்நீரை விழுங்கலாம். இது இனிப்பாக இருப்பதால் மாதக்கணக்கில் மெல்லுகிறவர்கள் உண்டு. தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் இறங்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதிமதுரம் மருந்தே இல்லை.

தூதுவளையை நான் மருந்தாகப் பார்ப்பதைவிட ரசமாகப் பார்ப்பேன். இலையின் அடிப்புற நரம்பில் கொக்கி முள் வரிசையாக இருக்கும். கத்தரிக்கோலால் நறுக்கி, நெய்யில் சுருள வதக்கினால் முள் இளகிவிடும். ஒரு கைப்பிடி இலை, மிளகு, சீரகம், பூண்டு, புளி. நாலு பேருக்கு ஆகும். கொள்ளு ரசமும் இதே வகை. ஒரு ஆழாக்குக் கொள்ளை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் வேகவைத்து இறுத்த தண்ணீரில் ரசம், வெந்த கொள்ளில் பருப்பு கடைந்துகொள்வது நம் வீடுகளில் வழக்கம். மூக்கடைப்பில் சூடான காரமான ரசம் இதமாக இருக்கும், உடம்புக்கு நீரும் உப்பும் சேரும். அதற்கு மேல் கொள்ளுக்கு மந்திரம் எதுவும் ஏற்ற வேண்டியதில்லை. யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்குகிறவர்கள் கொள்ளைக் குறைத்துக்கொள்ளட்டும்.

ஆவி பிடிக்க நொச்சிக்கு ஈடு இல்லை. இரண்டு கைப்பிடித் தழை, இரண்டு லிட்டர் தண்ணீர். கொதித்ததும் அடுப்பை அணைத்துத் தழையைப் போட்டு, பாத்திரத்தைத் தரையில் வைத்து, போர்வைக்குள் ஐந்து நிமிடம். எரிகிற அடுப்பின் மேலே குனிவதும், பாத்திரத்தைக் கட்டிலில் வைப்பதும் வெந்நீர்க் காயத்தில் முடியும். சின்னக் குழந்தைகளைப் போர்வைக்குள் இழுக்கவே இழுக்காதீர்கள். இளைப்பு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு ஆவி சில சமயம் மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும். விரலி மஞ்சளைச் சுட்டு அந்தப் புகையை மூக்கில் இழுப்பதும் அவர்களுக்கு ஆகாது.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் கசாயத்தை நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், காசநோய்க்கான அந்தச் சோதனை இலவசம். இன்னொன்று இந்தப் பக்கத்துக்கே உரியது. நூல்மில்லில் வேலை செய்கிறவருக்கு ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகி, வாரக் கடைசியில் இளகினால், அது சளி இல்லை. பஞ்சுத்தூசி நுரையீரலைப் பிடிக்கிற நோயின் முதல் அடையாளம். ஆடாதோடையை அண்டா நிறையக் காய்ச்சினாலும் அது போகாது. மருத்துவரிடம் சொல்லும்போது எந்தச் செக்‌ஷனில் வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காய்ச்சல்

2012இல் டெங்கு பரவியபோது அரசே கொடுக்கத் தொடங்கிய பிறகு நிலவேம்புக் குடிநீர் எல்லார் வாயிலும் வந்துவிட்டது. பெயரில் நிலவேம்பு இருந்தாலும் அது ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், சுக்கு, மிளகு, பற்படாகம், கோரைக்கிழங்கு, பேய்ப்புடல். எல்லாம் சம எடை. தனி நிலவேம்பை மட்டும் காய்ச்சிக் குடிப்பது வேறு சங்கதி, கசப்பு மட்டும் ஏறி வயிற்றைப் புரட்டும். பெரியவர்களுக்கு 5 கிராம் பொடியை மேலே சொன்னபடி 60 மில்லியாக்கி, காலையும் மாலையும். காய்ச்சல் இருக்கும்வரை, அதிகம் போனால் ஒரு வாரம். ஊரில் காய்ச்சல் இருக்கிறதென்று நலமாக இருக்கிறவர் மாதக்கணக்கில் குடிப்பதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. பசி போவதுதான் மிச்சம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இரண்டும் கூடுதலாக இறங்கக்கூடும். கர்ப்பிணிக்கு வேண்டாம்.

டெங்குவில் ஏமாற்றுகிற இடம் ஒன்று இருக்கிறது. காய்ச்சல் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் இறங்கும். "கசாயம் கேட்டுருச்சு" என்று வீட்டில் நிம்மதியாவார்கள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து உடம்பு குளிர்ந்துபோகிற ஆபத்துக் கட்டம் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுச் சோர்ந்து படுப்பது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், அன்றைக்கே. வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபன் வகை மாத்திரைகளைக் கொடுத்தால் ரத்தக்கசிவு கூடும். பாராசிட்டமால் மட்டும். கசாயத்தைவிட முக்கியம் இளநீரும் கஞ்சியும் உப்பு சர்க்கரைத் தண்ணீரும் வாய் வழியாகப் போய்க்கொண்டே இருப்பது.

சீந்தில் கொடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று தினமும் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் வீங்கியதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஏற்கெனவே கல்லீரல் கோளாறோ, தைராய்டு, முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோயோ உள்ளவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

வயிறு

கெடாவிருந்து முடிந்த ராத்திரி வயிறு கல்லாக இருந்தால் ஓமம். ஒரு தேக்கரண்டி ஓமத்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, 200 மில்லி தண்ணீரில் பாதியாக்கி, ஒரு சிட்டிகை உப்பு. அரை மணி நேரத்தில் ஏப்பம் பிரியும். பிரியாமல் நெஞ்சுக் குழியில் பாரம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ இழுக்கிற வலி என்றால் வாயு என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ஈசிஜி எடுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை ஓமத் தண்ணீருக்குக் கொடுத்து உயிரை விட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பசியே எடுக்கவில்லை, நாக்கு தடித்திருக்கிறது என்றால் பிரண்டைத் துவையல். இதில் எல்லாரும் மாட்டிக்கொள்வது அரிப்பில். தண்டு முழுக்க ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, கணுவில் அதிகம். நுனியிலிருந்து மூன்று நாலு கணு வரை இளசாக ஒடித்துக்கொண்டு, கையில் நல்லெண்ணெய் தடவி, கணுவை வெட்டி எறிந்து, நாலு ஓரத்து நாரையும் உரிக்க வேண்டும். பிறகு நல்லெண்ணெயில் பச்சை நிறம் மாறிப் பழுப்பாகும்வரை வதக்க வேண்டும். பாதி வதங்கியதை எடுத்து அரைத்தால் நாக்கும் தொண்டையும் அரித்தே தீரும். புளி கட்டாயம், உளுந்து, வரமிளகாய், கொஞ்சம் தேங்காய். பச்சைப் பிரண்டைச் சாறு குடிக்கச் சொல்கிற வீடியோக்களை என்னவென்று சொல்வது!

வாய்ப்புண்ணுக்குச் சுக்குட்டிக்கீரை, அதாவது மணத்தக்காளிக் கீரை, பாசிப்பருப்போடு கடைந்து மூன்று நாள். கீரையும் கறுத்துப் பழுத்த பழமும் சாப்பிடலாம். பச்சைக் காயை அப்படியே மெல்லக் கூடாது, நச்சு உண்டு. மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணை, அதுவும் புகையிலை போடுகிறவர் வாயில் இருந்தால், கீரை கொடுத்துத் தள்ளிப்போடக் கூடாது.

பேதிக்கு மாதுளம்பழ ஓடு. உலர்ந்த ஓடு 5 கிராம், கசாயமாக, பெரியவர்களுக்கு மட்டும், இரண்டு வேளை. துவர்ப்பு பேதியைக் கட்டும். ரத்தம் கலந்து போனாலோ காய்ச்சல் இருந்தாலோ கட்டவே கூடாது. பேதியில் உயிரை எடுப்பது பேதி இல்லை, நீர் வற்றுவது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கண் அளவில் அள்ளிப் போட்டால் குழந்தைக்கு ஆபத்து. ஓஆர்எஸ் பொட்டலம் சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்போது அதுதான் முதல் வழி.

கல்லடைப்புக்குப் பூளைப்பூச் செடியை, அதாவது சிறுபீளையை, வேரோடு பிடுங்கிக் கழுவி, பச்சையாக 20 கிராம் எடுத்துக் கசாயம். சிறுநீரைக் கொஞ்சம் கூட்டும். ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள கற்கள் பெரும்பாலும் தானாகவே இறங்கும், தண்ணீர் போதுமான அளவு குடித்தால் போதும். அந்தப் பெருமையைச் செடிகள் வாங்கிக்கொள்கின்றன. இடுப்பு வலியோடு குளிர் காய்ச்சல் வந்தால் அடைப்புக்குப் பின்னால் சீழ் கட்டுகிறது என்று பொருள், ராத்திரியானாலும் கிளம்ப வேண்டும்.

மஞ்சள் காமாலை

கீழாநெல்லியை அடையாளம் காண்பது எளிது, தவறுவதும் எளிது. இலைக்காம்பின் அடியில் கடுகளவு காய்கள் வரிசையாக, வழவழப்பாக, சின்னக் காம்போடு தொங்க வேண்டும். தண்டு பச்சையாக இருக்க வேண்டும். தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாகக் காம்பில்லாமல் ஒட்டியிருந்தால் அது அதன் பங்காளி, வேறு செடி. சமூலமாக, வேர் முதல் நுனி வரை கழுவி, நெல்லிக்காய் அளவு அரைத்து மோரில் கலந்து காலையில் கொடுப்பது வழக்கம்.

இது எந்த அளவுக்குக் கேட்கும்? சென்னை ஆய்வாளர்கள் 1988இல் லான்செட் ஏட்டில், இந்தச் செடியைக் கொடுத்ததில் ஹெபடைடிஸ் பி கிருமி தங்கியிருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதன் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது என்று எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்த அளவுக்குப் பலன் வரவில்லை. நம் ஊரில் மழைக்குப் பிறகு வருகிற காமாலை பெரும்பாலும் கெட்ட தண்ணீரால் வருகிற ஏ அல்லது ஈ வகை. நாலைந்து வாரத்தில் அது தானாகவே தணியும், கீழாநெல்லி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். எனவே கொடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை, ரத்தப் பரிசோதனை செய்யாமல் கொடுப்பதில்தான் சண்டை. கண் மஞ்சளாவது பித்தப்பைக் கல்லால் இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம், குடியால் கல்லீரல் கெட்டதாக இருக்கலாம், கணையக் கட்டியாகவும் இருக்கலாம். மலம் களிமண் நிறத்தில் போவது, உடம்பெல்லாம் அரிப்பு, பகலில் தூங்கி வழிவது, பேச்சுக் குழறுவது, இவை எதுவும் மூலிகைக்குக் காத்திருக்காது. கர்ப்பிணிக்கு ஈ வகைக் காமாலை உயிருக்கே ஆபத்து. பச்சைக் குழந்தையின் காமாலைக்கு நீல விளக்கு இருக்கிறது, கீழாநெல்லி வேண்டாம். கண்ணிலும் மூக்கிலும் சாறு விடுவது, கையில் சூடு போடுவது, இதெல்லாம் வைத்தியமே இல்லை.

தோலும் காயமும்

மம்முட்டி பட்ட காயத்துக்கு வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிவது எல்லார் தோட்டத்திலும் உண்டு. ரத்தம் நிற்க உதவும். ஆனால் சாணம் விழுகிற மண்ணில்தான் ரணஜன்னிக் கிருமி உயிரோடு கிடக்கும், அதே மண்ணில் வளர்ந்த செடியைக் கழுவாமல் உள்ளங்கையில் தேய்த்துக் காயத்தில் வைப்பது அந்தக் கிருமியை நாமே ஊட்டிவிடுவதற்குச் சமம். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு ஐந்து நிமிடம் கழுவி, சுத்தத் துணியை அழுத்திப் பிடியுங்கள். மேலாக உரசிய காயத்துக்குக் கழுவிய தழைச் சாறு போதும். ஆழமான காயத்துக்கு எந்தத் தழையும் வேண்டாம், ரணஜன்னியைத் (டெட்டனஸ்) தடுக்கும் டிடி ஊசிதான்.

அரிப்புக்குக் குப்பைமேனி. ஒரு கைப்பிடி இலை, துளி மஞ்சள், மை போல அரைத்து அரை மணி நேரம் பூசி, கழுவ வேண்டும். மூன்று நாள். முதல் நாள் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டுப் பூசுங்கள், சிலருக்கு அதுவே கொப்புளம் போடும். இரவில் அரிப்பு கூடி, வீட்டில் எல்லாருக்கும் விரலிடுக்கில் இருந்தால் அது சொறிச்சிரங்கு. தோலுக்குள் குடையும் பூச்சிக்கு மேல்பூச்சுத் தழை எட்டாது. எல்லாரும் ஒரே நாளில் பெர்மெத்ரின் களிம்பு பூச வேண்டும், துணிகளை வெந்நீரில் ஊறப்போட வேண்டும். குப்பைமேனியைக் குடற்புழுவுக்கு உள்ளே கொடுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்தவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். யாருக்கு அந்தக் குறை என்று வெளியே தெரியாது. சிறுநீர் காப்பி நிறத்தில் போகும்போதுதான் தெரியும்.

படர்தாமரைக்கு வண்டுகொல்லித் தழை. சோற்றுக்கற்றாழையை வெட்டினால் மஞ்சளாக ஒரு பால் வடியும், அது பேதி மருந்து. மடலைச் செங்குத்தாகப் பத்து நிமிடம் நிறுத்தி அதை வடியவிட்டு, சோற்றை ஏழு தண்ணீரில் அலசிய பிறகே தொட வேண்டும். தீக்காயத்துக்கு முதலில் இருபது நிமிடம் ஓடும் தண்ணீர், பிறகு தோல் உரியாத இடத்தில் மட்டும் கற்றாழை. எருக்கம் பாலை எதற்காக எடுத்தாலும் கண்ணில் பட்டால் கருவிழி வெளுத்து வீங்கும். எனக்குக் கேட்டால் அதை எடுக்கவே வேண்டாம்.

பாம்புக்கடிக்குச் சிறியாநங்கை என்ற பேச்சை இதோடு விட்டுவிடுவோம். கடித்த காலை அசைக்காமல் அரசு மருத்துவமனை, விஷமுறிவு ஊசி. அவ்வளவுதான்.

கைக்குழந்தை

உரை மருந்தில் வசம்பை விளக்கெண்ணெய் தீபத்தில் சுட்டு உரசுவது இன்றும் நடக்கிறது. வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. அதற்காகவே 1968இல் அமெரிக்காவில் உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தார்கள். நம் ஊரில் அளவு என்பது உரசுகிற கையின் அழுத்தம்தான். ஒரு நாள் இரண்டு உரசல், மறுநாள் பத்து. வாந்தியும் மயக்கமும் வந்த குழந்தையை "மருந்து வேலை செய்யுது" என்று வைத்திருப்பது பெரிய தப்பு. இதைவிட மோசம் வேப்பெண்ணெய். சங்கில் ஊற்றிய வேப்பெண்ணெயால் மூளை வீங்கி, வலிப்பு வந்து குழந்தைகள் இறந்தது மருத்துவ ஏடுகளில் இருக்கிறது. கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுவதும் வலிப்பில் விடலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்பதில் விதிவிலக்கு எதுவும் மூலிகையில் இல்லை.

கண்வலிக்கிழங்கு

மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரத்தில் பந்தல் போட்டுக் கண்வலிக்கிழங்கை, அதாவது செங்காந்தளை, பயிர் செய்கிறார்கள். மாநில மலர், நல்ல விலை. விதையிலிருந்து எடுக்கிற கொல்கிசின், கீல்வாதத்துக்கு மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிற மருந்து. கிழங்கிலும் விதையிலும் இருப்பது ஆளைக் கொல்லப் போதுமானது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் தொண்டை எரிச்சல், வாந்தி, தண்ணீராகப் பேதி. ஒரு நாள் கழித்துக் கொஞ்சம் தெளிந்தது போல இருக்கும், பிறகு சிறுநீரகமும் ரத்தமும் கெடும். கலப்பை போல வளைந்த அந்தக் கிழங்கைச் சர்க்கரைவள்ளி, காட்டுவள்ளியோடு ஒரே மூட்டையில் வைக்கக்கூடாது. விதை காய்கிற களத்தில் குழந்தைகளை விடக்கூடாது. கிழங்கை வெட்டிய கத்தியைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது. மூட்டு வலிக்கு எண்ணெயில் காய்ச்சித் தடவுகிற பழக்கமும் இருக்கிறது. புண் உள்ள தோலில் அது வேண்டாம்.

சர்க்கரைக்கு ஆவாரம்பூ குடிக்கிறவர்கள் மாத்திரையை நிறுத்தாமல், குடிப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் இருந்தால் போதும். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை மிகவும் இறக்கினால் கை நடுக்கம், வியர்வை, மயக்கம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மஞ்சள், சுக்கு, பூண்டைச் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்பும் அப்படியே.

கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பிவேலி போட்டவர்களுக்கு இந்தச் செடிகள் வேண்டுமென்றால் நாலு குச்சி போதும். ஆடாதோடையும் நொச்சியும் பென்சில் பருமனில், மூன்று நாலு கணுவோடு ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நட வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது விதைக்குச் சரி, குச்சிக்குச் சரியில்லை. கணவாய்க் காற்று வேர் விடுவதற்குள் குச்சியைக் காயவைத்துவிடும். புரட்டாசி கடைசியில் காற்று அடங்கி, ஐப்பசி மழை தொடங்கும்போது நட்டால் தண்ணீர் ஊற்றுகிற வேலையும் மிச்சம். ஓமவல்லிக்கு நுனிக் கிள்ளல் போதும், தொட்டியிலும் வரும். தூதுவளைக்குப் பழுத்த சிவப்புப் பழத்தைப் பிழிந்து, விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் காயவைத்துப் போடுங்கள். கம்பிவேலியிலும் ஏறும்.